பத்தொன்பது ஆண்களும் நானும்

குடிகாரர்களைத் திருத்துகிற இடம் என்றுதான் ஊரில் அதைச் சொல்வார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், ஓட்டம் நின்றுபோன ஒரு ரைஸ் மில்லுக்குள் அதை நடத்திக்கொண்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்த நாளில் உள்ளே பத்தொன்பது ஆண்கள் இருந்தார்கள். பெண் நான் ஒருத்திதான். நான் குடித்ததில்லை. கள்ளோ சாராயமோ என் நாக்கில் பட்டதே இல்லை. ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த ஊசிதான் என்னை அங்கே கொண்டுபோய் விட்டது.

நாற்பத்தைந்து நாள் அங்கே இருந்தேன். வெளியே வந்த பிறகு, இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாதே என்று சொல்லாதவர் என் சொந்தத்தில் ஒருவரும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் அப்போதுதான் தலைகாட்ட ஆரம்பித்திருந்தது. லோயர், ஹையர் பரீட்சைக்குப் பிள்ளைகள் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஏகாம்பரம், பிள்ளையார்பாளையத்தில் வீட்டிலேயே தறி போட்டுப் பட்டு நெய்கிறவர். அதிகம் பேசமாட்டார். ஒரே மகள் கவிதா, ஒன்பதாம் வகுப்பு.

எனக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. அந்த வலியை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. இடுப்புக்குப் பின்னால் பிடித்து அடிவயிறு வரைக்கும் திருகும். உட்கார முடியாது, படுக்க முடியாது, நிற்கவும் முடியாது. இன்ஸ்டிட்யூட் தரையில் உருண்ட என்னை ஆட்டோவில் தூக்கிப்போட்டு, பக்கத்தில் இருந்த ஒரு தனியார் டாக்டரிடம் கொண்டுபோனார்கள்.

"ஒரே ஊசிம்மா. பத்து நிமிஷத்துல எழுந்து உக்காந்துடுவீங்க" என்றார் டாக்டர்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, உட்கார்ந்துவிட்டேன். வலி போனதோடு நிற்கவில்லை. பரீட்சைக்குப் பணம் கட்டாத பிள்ளைகள், மாமியார் காலையில் சொன்ன சொல், வீட்டு வாடகை, எல்லாம் ஓர் அடி தள்ளிப் போய் நின்றுகொண்டன. அப்படி ஒரு நிம்மதியைக் கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் நான் அனுபவித்ததில்லை.

அந்த மருந்துக்குப் பெயர் பென்டசோசின். அபின் குடும்பத்தைச் சேர்ந்த வலிமருந்து. செடியிலிருந்து எடுப்பதில்லை, தொழிற்சாலையில் செய்வது; ஆனால் மூளைக்குள் அபின் போய் உட்காரும் இடத்தில்தான் இதுவும் போய் உட்காரும். ஒரு முறை, இரண்டு முறை என்றால் மருந்து. திரும்பத் திரும்பப் போட்டால் உடம்பு அதைத் தன் சாப்பாடாக எடுத்துக்கொள்ளும். கிடைக்காத நாளில் வலியை உடம்பே உண்டாக்கிக் கேட்கும். இதையெல்லாம் நான் மூன்று வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன். ஊசி எழுதிய கை இதில் ஒரு வார்த்தைகூட எனக்குச் சொல்லவில்லை.

கல் முதல் வருஷமே விழுந்துவிட்டது. ஸ்கேனில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் எனக்கு வலித்தது. மாதம் ஒரு முறை போனது வாரம் ஒரு முறையாயிற்று, அப்புறம் ஒன்றுவிட்டு ஒரு நாள். டாக்டர் என்னைப் பார்ப்பதுகூட இல்லை. "வந்தா போட்டு அனுப்பு" என்று கம்பவுண்டரிடம் சொல்லிவைத்திருந்தார். வெளியே பெஞ்சில் கூட்டம் இருக்கும். நான் நேராக உள்ளே போவேன், ஊசி போட்டுக்கொண்டு காசை மேசையில் வைத்துவிட்டு வருவேன். அது எனக்குக் கௌரவமாகக்கூட இருந்தது.

பிறகு ஒரு நாள், தினமும் இரண்டு வேளை போக ஆரம்பித்திருந்த சமயம், டாக்டர் என்னை நிறுத்தினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் நிறுத்தினார்.

"இது உனக்குக் கெட்ட பழக்கமாயிடுச்சு. இனிமே இங்க வராதே. உன்னால என் பேர் கெடுது."

ரெண்டு வருஷமாக 'நீங்க' என்று பேசியவர். அன்றைக்கு 'நீ' ஆகிவிட்டேன். அடிமையாக்கியவர் யார், அடிமை யார் என்ற கேள்வி அந்த ஒரு எழுத்தோடு முடிந்துபோயிற்று.

அதற்கப்புறம் நான் செய்தவற்றை மறைக்கப்போவதில்லை. அவருடைய மேசையிலிருந்து முன்பே நான் கிழித்து வைத்திருந்த சீட்டுகளில் அவர் கையெழுத்தைப் போலவே எழுதினேன். மருந்துக்கடையை மாற்றி மாற்றி வாங்கினேன். கண்ணாடிக் குப்பியின் கழுத்தைப் புடவைத் தலைப்பால் பிடித்து உடைக்கக் கற்றுக்கொண்டேன். தொடையில் நானே போட்டுக்கொண்டேன். இந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு: போட்ட இடத்துச் சதையை அது கொன்றுவிடும். என் இரண்டு தொடைகளும் மெல்ல இறுகிக் கட்டையாகிவிட்டன. ஊசி உள்ளே இறங்காமல் வளைந்தது. தொடையில் இடமில்லாமல் போன பிறகு என்ன செய்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்ல அங்கேயே எனக்கு முப்பது நாள் பிடித்தது.

வலது தொடையில் ஒரு புண் வந்து ஆறாமல் சீழ் வைத்தது. அரசு மருத்துவமனைக்கு வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போனார். சீட்டு வாங்க ஒரு வரிசை, ரத்தம் எடுக்க ஒரு வரிசை, முடிவு வாங்க இன்னொரு வரிசை. சர்க்கரை இல்லை என்று வந்தது. சர்க்கரை இல்லாத பெண்ணுக்கு ஏன் இப்படிப் புண் என்று இளவயது சர்ஜன் ஒருவர் வந்து பார்த்தார். தொடையை விரலால் தட்டினார். மேசையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஏகாம்பரத்தை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னைக் கேட்டார்.

"எந்த ஊசிம்மா? எத்தனை வருஷமா?"

அழுதுகொண்டே சொன்னேன். அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. "இது வியாதி. இதுக்குத் தனியா வைத்தியம் இருக்குது. புண்ணை நான் ஆத்துவேன். ஆனா நீங்க உள்ளே போயி அதை நிறுத்தலேன்னா அடுத்த புண்ணுக்குக் காலை எடுக்கணும்" என்றார். பிறகு ஏகாம்பரத்தைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"செத்துப்பூடுவாளா சார்?" என்று மட்டும் ஏகாம்பரம் கேட்டார். வெளியே வந்து மரத்தடியில் என்னை உட்காரவைத்தபோது, திட்டுவார் என்று காத்திருந்தேன். டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டு, "காலு ரொம்ப வலிக்குதா?" என்றார். அந்தக் கேள்வியைத் தாங்க முடியாமல் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

சென்னையில் இரண்டு இடங்களுக்குப் பூத்திலிருந்து போன் போட்டார். ஒன்றில் பெண்களுக்குப் படுக்கை இல்லை என்றார்கள். இன்னொன்றில், "பொம்பளையா?" என்று கேட்டு, போனுக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். கடைசியாகத்தான் இந்த மில். அங்கேயும் மேனேஜர் கையை விரித்தார்.

"இது ஆம்பளைங்க இருக்கிற எடம்ங்க. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"வேற எடத்த நீங்களே சொல்லுங்க சார், கூட்டினு போறேன்" என்று சொல்லி ஏகாம்பரம் மில் கேட்டுக்கு உள்பக்கம் தரையில் உட்கார்ந்தார். மாலை வரைக்கும் எழுந்திருக்கவில்லை. மேனேஜருக்குச் சொல்ல வேறு இடம் தெரியவில்லை.

ஆபீசை ஒட்டி ஒரு சாமான் அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். நிபந்தனைகள் இருந்தன. ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுகிற கூட்டத்துக்கு நான் வரக்கூடாது. சாப்பாடு என் அறையிலேயே. பெருக்கிக் கூட்டுகிற கன்னியம்மா என்ற ஆயா எப்போதும் என்னுடன் இருக்க வேண்டும். கூட்டத்துக்குப் பதிலாக எனக்குத் தினமும் ஒரு மணி நேரம் தனி ஆலோசனை. இப்போது காசு கொடுத்துக் கேட்டாலும் கிடைக்காத வசதி அது என்று சிலர் சொல்கிறார்கள். ஒருவருக்கு ஒருவர், நேருக்கு நேர், அவரவர் நோய்க்கு ஏற்ற பேச்சு. எனக்கு அது கிடைத்தது அக்கறையால் இல்லை. என்னை எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரியாததால் கிடைத்தது.

முதல் எட்டு நாள் பேச்சுக்கே இடமில்லை. ஊசி நின்றதும் முதலில் கொட்டாவி வந்தது. அப்புறம் மூக்கு ஒழுகியது, கண்ணில் நீர் கொட்டியது. தோலெல்லாம் மயிர்க்கூச்செறிந்து, உரித்த கோழித்தோல் மாதிரி ஆகிவிட்டது. வயிற்றுப்போக்கு. தூக்கம் கிடையாது. எல்லாவற்றையும்விடக் கொடுமை கால்கள். அவை என் பேச்சைக் கேட்காமல் தாமாக உதைத்துக்கொண்டே இருந்தன. அங்கே வந்துபோகிற டாக்டர் ரத்தக்கொதிப்புக்குத் தருகிற ஒரு மாத்திரையைக் கொடுத்தார். உடம்பின் பதற்றத்தை அது கொஞ்சம் இறக்கும் என்று விளக்கினார். ஏகாம்பரத்தைப் பகலில் மட்டும் உள்ளே விட்டார்கள். அவர் தறியை அப்படியே போட்டுவிட்டு முதல் பஸ்ஸுக்கு வந்துவிடுவார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, புண் கட்டு நனையாமல், முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களையும் தன் மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வார். நான் உதைத்த உதையில் அவர் வயிற்றில் கன்றிப்போயிருந்ததை வெகுநாள் கழித்துத்தான் பார்த்தேன். நான் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். "ஒரே ஒரு ஊசி வாங்கினு வா, நீயெல்லாம் புருஷனா" என்று கத்தினேன். "சரி, சரி" என்பார். வாங்கி வரமாட்டார்.

ஒன்பதாம் நாள் ஆலோசகர் தயாளன் வந்தார். ஐம்பது வயது இருக்கும். முன்னாள் லாரி டிரைவர். குடித்து, வண்டியை இழந்து, குடும்பத்தை இழந்து, திருந்தி, பயிற்சி எடுத்து, பத்து வருஷத்துக்கும் மேலாக அந்த வேலையில் இருந்தார். கையில் அச்சடித்த படிவம் இருந்தது. கதவு விரியத் திறந்திருந்தது. கன்னியம்மா வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஆபீசில் மேனேஜர் யாரிடமோ போனில் பேசுவது தெளிவாகக் கேட்டது. அப்படியென்றால் நான் பேசுவதும் அங்கே கேட்கும்.

"முதல்ல எப்ப குடிச்சீங்க?" என்று படித்தார்.

"நான் குடிக்கல."

"சரி, ஊசின்னு வெச்சுக்குங்க. குடிச்சிட்டு... ஊசி போட்டுட்டு மனைவியை அடிச்சதுண்டா?"

"எனக்கு மனைவி இல்ல."

வாசலில் கன்னியம்மா சிரித்துவிட்டாள். தயாளன் சிரிக்கவில்லை. படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். வேலையிடத்தில் சண்டை, கூட்டாளிகள், ஒயின் ஷாப், ராத்திரி ரோட்டில் விழுந்து கிடந்தது எல்லாம் அதில் இருந்தது. மாமியார் இல்லை, மாதவிலக்கு இல்லை, டாக்டர் இல்லை. நான் படிவத்தை வாங்கி, எனக்குப் பொருந்தாத கேள்விகளை ஒவ்வொன்றாகப் பேனாவால் அடித்துக்கொண்டே போனேன். கடைசியில் பெயர், வயது, ஊர் மட்டும் மிஞ்சின. அதைத் திருப்பிக் கொடுத்தேன்.

இப்படியே பத்துப் பதினைந்து நாள் ஓடியது. அவர் கேட்பார். நான் வாசலைப் பார்ப்பேன். ஆமாம், இல்லை என்பேன். ஞாயிற்றுக்கிழமை நோயாளிகளின் மனைவிமார்களுக்கு ஒரு கூட்டம் நடக்கும். ஆண்கள் கூட்டத்தில்தான் உட்காரவைக்க முடியவில்லை, இதிலாவது உட்காரட்டும் என்று என்னைக் கொண்டுபோய் விட்டார்கள்.

பக்கத்தில் இருந்த பெண் பிரியமாகக் கேட்டாள்: "உங்க வூட்டுக்காரர் எந்த ரூமுக்கா?"

"நான்தான் பேஷண்ட்."

அவள் பாயில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். இன்னொருத்தி எனக்குக் கேட்கும்படியே, "பொம்பளைக்கு இன்னாத்துக்குமா இந்தப் பழக்கம்? வூட்ட யார் பாப்பாங்க?" என்றாள். அடிபட்டு அடிபட்டுக் கை ஒடிந்து கட்டுப்போட்டிருந்தவள் அவள். ஒடித்தவனுக்கு உள்ளே வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. அவன் வியாதிக்காரன், நான் கெட்டவள். எழுந்து வந்துவிட்டேன்.

அதற்கு மறுநாள் தயாளனிடம் பொரிந்து தள்ளினேன். டாக்டரைத் திட்டினேன், கம்பவுண்டரை, மேனேஜரை, அந்தப் பெண்ணை, எல்லாரையும். அவர் கேட்டுவிட்டு, பழகிய குரலில் சொன்னார்: "கோவம்தாம்மா நம்ம வியாதிக்கு எண்ணெய். அதை விட்டாத்தான் குணமாவும். மன்னிச்சிடுங்க எல்லாரையும்."

"இதை உள்ள இருக்கிற பத்தொன்பது பேருக்கும் சொல்வீங்களா?"

"சொல்வேன்."

"அவங்க கோவத்துல பொண்டாட்டி கைய ஒடிச்சவங்க. அவங்கள விடச் சொல்லுங்க. நான் இத்தினி வருஷத்துல யார்கிட்டயாவது கோவப்பட்டிருக்கேனா? டாக்டர் 'வராதே'ன்னப்ப தலையக் குனிஞ்சினு வந்தேன். இப்பத்தான் மொத தடவையா கோவப்படறேன். அதையும் விடச் சொல்றீங்க. அப்புறம் என்கிட்ட இன்னா இருக்கும்?"

அவர் படிவத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். நாளைக்கு என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் படிவம் இல்லாமல் வந்தார். நின்றுகொண்டே பேசினார். "நேத்து நான் சொன்னது புஸ்தகத்துல இருந்தும்மா. எனக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிட்டேன். எனக்கு உங்க கேஸ் தெரியாது. நீங்கதான் சொல்லணும். இன்னா பண்ணா சொல்வீங்க?"

"கதவைச் சாத்துங்க."

கன்னியம்மா வெங்காயத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். மேனேஜர் ஆபீசிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

"அதெப்படிம்மா? ஒரு ஆம்பளையும் பொம்பளையும் ரூமுக்குள்ள..."

"உள்ள ஆம்பளைங்க கூட்டத்துல பேசறப்ப கதவு சாத்தித்தான இருக்குது? நான் பேசறத மட்டும் ஊரே கேக்கணுமா? எனக்கு மானம் போயிடும்னு பயப்படறீங்களா, உங்களுக்கா?"

ஏகாம்பரம் அன்று வந்திருந்தார். மேனேஜர் அவரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க" என்றார். இந்த ஒரு விஷயத்துக்கு அவர் அனுமதி வேண்டியிருந்தது என்பதில் எனக்கு இன்றும் எரிச்சல்தான். ஆனால் அவர் என்னைப் பார்த்தார், தயாளனைப் பார்த்தார், தானே போய்க் கதவை இழுத்துச் சாத்தினார். வெளியே நின்றுகொண்டு கன்னியம்மாவிடம், "வாங்கமா, வெங்காயத்த நான் உரிக்கிறேன்" என்று சொன்னது கேட்டது.

அந்த அறையில் முதன்முறையாக அமைதி இருந்தது. அன்று நான் ஒன்றும் பேசவில்லை. தயாளனும் கேட்கவில்லை. ஒரு மணி நேரமும் சும்மா உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ சொன்னேன்.

தொடையில் இடமில்லாமல் போன பிறகு இடுப்புக்குப் பின்னால்தான் போட வேண்டியிருந்தது. எனக்குக் கை எட்டவில்லை. கவிதாவைக் கூப்பிட்டேன். அப்பா தறியில் இருக்கும்போது, உள் அறையில். "அம்மாவுக்கு டாக்டர் எழுதிக்குடுத்த மருந்து, வலிக்குத்தான், அப்பாகிட்ட சொன்னா பயந்துப்பாரு" என்றேன். சிரிஞ்சில் காற்றுக் குமிழ் போக எப்படித் தட்ட வேண்டும், எந்த இடத்தில் குத்த வேண்டும், எவ்வளவு மெதுவாக அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகளுக்கு டைப் அடிக்க விரல் வைக்கச் சொல்லிக்கொடுக்கிற அதே பொறுமையோடு. முதல் தடவை அவளுக்குப் பயமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. பள்ளிக்கூடம் போவதற்கு முன் ஒன்று, வந்ததும் ஒன்று. ஐந்து மாதம்.

சொல்லி முடித்தபோது என் ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. என்னை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தயாளன் ஆறுதல் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. ஒன்றுதான் கேட்டார்:

"இப்ப அந்தப் பொண்ணு யார்கிட்ட பேசிக்கினு இருக்குது?"

எனக்குப் புரியவில்லை.

"நீங்க என்கிட்ட சொல்லிட்டீங்க. அது யார்கிட்ட சொல்லும்?"

முப்பது நாளாக நான் என் பாவத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாவம் செய்யப்பட்டவளை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. வீட்டில் அவள் பாட்டியோடு இருந்தாள். 'அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன்' என்று சொந்தக்காரர்களிடம் சொல்லும்படி அவளுக்கு உத்தரவு.

அடுத்த ஞாயிறு ஏகாம்பரம் அவளைக் கூட்டி வந்தார். அதற்கு முதல் நாளே அவரிடம் எல்லாவற்றையும் தயாளன் முன்னால் சொல்லியிருந்தேன். அவர் அன்று என்னோடு பேசாமல் பஸ் ஏறிப் போய்விட்டார். ஆனால் அவளைக் கூட்டி வந்தார்.

நெல் காயவைக்கிற பழைய சிமெண்டுக் களத்தின் ஓரத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்தோம். தயாளன் கொஞ்சம் தள்ளி இருந்தார். கவிதா என் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கவிதா, நான் உன்ன செய்யச் சொன்னது தப்புமா. அது மருந்து இல்ல. உன்கிட்ட பொய் சொன்னேன்."

அவள் ரொம்ப மெதுவாகக் கேட்டாள்: "நான் சரியா போடலன்னுதான உனக்கு காலு இப்படி ஆச்சு?"

"இன்னாது?"

"ஒரு தடவ ரத்தம் வந்துச்சு. நான் யாருகிட்டயும் சொல்லல. அப்புறம்தான புண்ணு வந்துது."

என் மகள் தன் தாயின் காலைத் தான்தான் அழுக வைத்தோம் என்று ஒரு மாதமாகத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தாள். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவள் தினமும் விடிந்ததும் ஆளில்லாத என் அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள் என்று ஏகாம்பரம் முன்பு சொன்னதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இல்லை, இல்லை என்று அவளைப் பிடித்தேன். புண் தொடையில், நீ போட்டது இடுப்பில், உன் கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அந்த மருந்தே சதையைத் தின்னும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் என் கையை உதறினாள்.

"அப்ப ஏன்மா என்ன போடச் சொன்ன? உனக்குத் தெரியும் இல்ல? தெரிஞ்சுதான சொன்ன?" களம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். திண்டில் பீடி குடித்துக்கொண்டிருந்த ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "உன்ன எனக்குப் புடிக்கல. உன் மேல அவ்ளோ கோவமா இருக்குது."

நான் தயாளனைப் பார்த்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"இருக்கட்டும்மா," என்றேன் அவளிடம். "கோவமாவே இரு. நான் கேக்கறேன்."

அவள் அழுது தீர்க்கிற வரைக்கும் கேட்டேன். அதற்கப்புறம் நான் அங்கே இருந்த இரண்டு வாரமும் அவள் வாரம் ஒரு முறை வந்து தயாளனோடு தனியாக உட்கார்ந்து பேசினாள். அவள் என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. கதவு சாத்தியிருந்தது.

வெளியே வந்தோம். செலவுக்கு இன்ஸ்டிட்யூட்டில் நான்கு மெஷின்களை விற்க வேண்டியிருந்தது. மாமியார் சமையலறையில் என் கையைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு மாலை அந்த டாக்டரிடம் போனேன். ஏகாம்பரம் வேண்டாம் என்றார். ஆனாலும் கூடவே வந்தார். பெஞ்சில் முறை வரும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே போனேன். என்ன நடந்தது என்று நிதானமாகச் சொன்னேன். இது பழக்கமாகிவிடும் என்று சொல்லாமல் இனி யாருக்கும் இந்த ஊசியைப் போடாதீர்கள் என்றேன்.

"நான் வலிக்குத்தான் எழுதினேன். பழக்கப்படுத்திக்கிட்டது நீங்க" என்றார். மறுபடி 'நீங்க' வந்திருந்தது, என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றதால். அடுத்த நோயாளிக்காக மணியை அடித்தார். அவ்வளவுதான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கும் அந்தப் பெஞ்சில் கூட்டம் இருக்கிறது.

ஏழு மாதம் கழித்து எனக்குக் கல் திரும்ப வந்தது. உடம்பு செய்கிற நாடகமோ என்று முதலில் நானே சந்தேகப்பட்டேன். சிறுநீரில் ரத்தம் வந்ததும்தான் நிஜக் கல் என்று தெரிந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன். ஏகாம்பரமும் பள்ளிக்கூடச் சீருடையோடு கவிதாவும் இருந்தார்கள். பார்த்த டியூட்டி டாக்டர் தலையைத் தூக்காமலே நர்ஸிடம் அந்த ஊசியின் பெயரைச் சொன்னார்.

அந்தப் பெயர் காதில் விழுந்ததும் என் வாயில் எச்சில் ஊறியது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஏழு மாதத்துக்கு அப்புறமும் ஊறியது. வலி வேறு கொன்றுகொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கேட்டு வாங்கியதாகக்கூட ஆகாது, டாக்டரே சொல்கிறார். அந்த அரை நிமிஷத்தை நான் மறக்கவே மாட்டேன்.

"அது வேணாம் சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. கவிதா உரக்கச் சொன்னாள்: "அந்த ஊசி வேணாமாம் சார். வேற ஏதாவது போடுங்க."

"ஏன்? அலர்ஜியா?" டாக்டர் பேனாவை எடுத்தார்.

"ஆமா சார், அலர்ஜி" என்றார் ஏகாம்பரம் அவசரமாக. சுற்றி ஜனம் நின்றுகொண்டிருந்தது. எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர்கூட இருந்தார்கள்.

நான் அவர் கையைப் பிடித்துத் தள்ளினேன்.

"அலர்ஜி இல்ல. மூணு வருஷம் அந்த ஊசிக்கு அடிமையா இருந்தேன். வைத்தியம் பார்த்து வந்திருக்கேன். அப்படியே எழுதுங்க."

பேனா நின்றது. டாக்டர் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ யாரிடமோ முணுமுணுத்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் வலிகூட ஒரு கணம் தள்ளி நின்றது.

"எழுதுங்க சார். எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுங்க."

எழுதினார். அபின் குடும்பத்தைச் சேராத வேறு ஒரு மருந்தைப் போடச் சொன்னார். அது பாதி வலியைத்தான் குறைத்தது. மீதிப் பாதியை நான் சாயங்காலம் வரைக்கும் கத்திக் கத்தித் தீர்த்தேன். கவிதா ஸ்ட்ரெச்சர் ஓரத்திலேயே நின்றாள். வெளியே போம்மா என்று நர்ஸ் சொன்னபோதும் போகவில்லை.